ஹெட்போன் ஆம்ப்: வாட்டை ஓரமாக வையுங்கள், வோல்ட்டைப் பாருங்கள்

மேசையில் வைக்கும் சின்ன ஹெட்போன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றைத் தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுபவை எண்கள்தான். ஒன்றில் 1000 மில்லிவாட், இன்னொன்றில் 3000. ஒன்றின் சினாட் (ஒலி எவ்வளவு சுத்தம் என்பதன் அளவு) 110 டெசிபெல், அடுத்ததற்கு 121. பேலன்ஸ்டு உண்டா, டியூப் (பழைய காலத்து வெற்றிடக் குழாய்) உண்டா, கிளாஸ்-ஏ (ஒரு சர்க்யூட் வகை) உண்டா என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் பாதிக்கு மேல் உங்கள் காதில் எந்த வித்தியாசத்தையும் ஏற்படுத்தாது. வித்தியாசம் ஏற்படுத்தும் நான்கைந்து விஷயங்களும் உங்களிடம் இருக்கும் ஹெட்போனைப் பொறுத்து மாறும். அதனால் கணக்கை ஹெட்போனிலிருந்து தொடங்க வேண்டும். ஆம்பின் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கடைசியில் படித்தால் போதும்.

## ஆம்ப் என்னதான் செய்கிறது?

பாட்டுக் கோப்பில் இருக்கும் டிஜிட்டல் எண்களை மின் அலையாக மாற்றுவது டி.ஏ.சி. அதன் லைன் அவுட்டில் வருவது பெரும்பாலும் அதிகபட்சம் 2 வோல்ட். பல ஹெட்போன்களுக்கு இந்த 2 வோல்ட்டே தாராளம். ஆனால் லைன் அவுட் என்பது பல்லாயிரம் ஓம் கொண்ட அடுத்த கருவியின் உள்ளீட்டுக்காகச் செய்யப்பட்டது. அதற்குத் தேவைப்படும் கரண்ட் மிகச் சொற்பம். அங்கே 32 ஓம் ஹெட்போனைக் கொண்டுபோய்ச் சொருகினால் பல நூறு மடங்கு கரண்ட் கேட்கும். லைன் அவுட்டால் அதைக் கொடுக்க முடியாது.

ஆம்புக்கு மூன்று வேலைகள். தேவையான கரண்ட்டைக் கொடுப்பது, வோல்ட் போதாவிட்டால் அதை உயர்த்துவது, ஒலியளவைக் கட்டுப்படுத்துவது. ஃபோனிலும் லேப்டாப்பிலும் ஃபோனின் சார்ஜ் துளையில் சொருகும் விரல் நீள டாங்கிளிலும் இதே வேலையைச் செய்யும் சின்ன ஆம்ப் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே, ஆம்ப் வேண்டுமா என்ற கேள்வியைவிட, இருக்கும் ஆம்ப் போதவில்லையா என்ற கேள்விதான் பொருத்தமானது. நிறையப் பேருக்கு அது போதுமானதாகவே இருக்கும்.

## ஹெட்போனின் இரண்டு எண்கள், அதில் ஒரு பொறி

இம்பீடன்ஸ் என்பது மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை, ஓமில் சொல்வார்கள். சென்சிட்டிவிட்டி என்பது குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது, டெசிபெல்லில் சொல்வார்கள். 'ஓம் அதிகமென்றால் ஓட்டுவது (போதிய சத்தம் வரவைப்பது) கடினம்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். சென்சிட்டிவிட்டி தெரியாமல் ஓமை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பொறி எங்கே இருக்கிறதென்றால், சென்சிட்டிவிட்டியை இரண்டு விதமாக அச்சிடுகிறார்கள். சிலர் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்பார்கள், சிலர் 1 வோல்ட்டுக்கு இத்தனை என்பார்கள். ஆடியோ-டெக்னிகா ஏ.டி.எச்.-எம்50எக்ஸ் 38 ஓம், மில்லிவாட்டுக்கு 99 டெசிபெல். சென்ஹைசர் எச்.டி. 650 300 ஓம், வோல்ட்டுக்கு 103 டெசிபெல். பார்த்தவுடன் சென்ஹைசர்தான் எளிதில் சத்தம் போடும் என்று தோன்றும்.

மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக மாற்ற, 1000ஐ ஓமால் வகுத்து, அதன் மடக்கையை (10 அடிமான log) 10ஆல் பெருக்கி, கிடைப்பதைக் கூட்ட வேண்டும். 38 ஓமுக்கு அது சுமார் 14 டெசிபெல். அப்படியென்றால் ஏ.டி.எச்.-எம்50எக்ஸ் வோல்ட்டுக்கு 113 டெசிபெல். ஒரே ஆம்பில், வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருக்கும்போது, சென்ஹைசரைவிட 10 டெசிபெல் கூடுதல் சத்தம். காதுக்கு அது ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். தயாரிப்பாளர் எந்த அலகில் சொல்கிறார் என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடுவது வீண்.

## எவ்வளவு சத்தம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, சராசரி 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10.

இது சராசரி. இசையில் திடீரென எழும் உச்சங்கள் சராசரிக்கு மேலே போகும். இறுக்கி அமுக்கப்பட்ட இன்றைய பதிவுகளில் உச்சம் சராசரியைவிட 10, 12 டெசிபெல் அளவுக்கு உயரும். ஆர்கெஸ்ட்ராப் பதிவுகளில் 20ஐயும் தாண்டும். எனவே உச்சத்துக்கு 110 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால் சத்தமாகக் கேட்பவருக்கும் இடம் மிச்சமிருக்கும். கணக்கு இப்படிப் போகும்:

1. வோல்ட்டுக்கான சென்சிட்டிவிட்டியை 110லிருந்து கழியுங்கள். மீதி வரும் டெசிபெல்தான் 1 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவது. 6 டெசிபெல்லுக்கு வோல்ட் இரட்டிப்பாகும், 20 டெசிபெல்லுக்குப் பத்து மடங்காகும்.
2. அந்த வோல்ட்டை ஓமால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும்.
3. இரண்டையும் பெருக்கினால் வாட். இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

எச்.டி. 650க்கு 110 டெசிபெல் உச்சம் வேண்டுமென்றால் சுமார் 2.2 வோல்ட், 7.5 மில்லிஆம்பியர், வாட்டில் சொன்னால் வெறும் 17 மில்லிவாட். ஏ.டி.எச்.-எம்50எக்ஸுக்கு 0.7 வோல்ட், 18 மில்லிஆம்பியர். ஓட்டுவதற்குக் கடினமானது என்று பெயரெடுத்த பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும்) ஹெட்போன் ஹைஃபைமேன் எச்.இ.-6: 50 ஓம், மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். அதற்கு 4.7 வோல்ட்டும் 95 மில்லிஆம்பியரும் வேண்டும். கிட்டத்தட்ட 450 மில்லிவாட்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 300 ஓம் ஹெட்போன் வோல்ட் கேட்கிறது, கரண்ட்டைத் தொடுவதே இல்லை. 38 ஓம் ஹெட்போன் இரண்டிலும் அடக்கம். ஆறு மடங்கு குறைந்த ஓம் உடைய எச்.இ.-6 சென்ஹைசரைவிட இரு மடங்கு வோல்ட்டையும் பன்னிரண்டு மடங்கு கரண்ட்டையும் கேட்கிறது. 'ஓட்டுவதற்குக் கடினம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன.

1 வோல்ட் மட்டுமே தரும் டாங்கிளில் எச்.டி. 650 போட்டால் உச்சம் 103 டெசிபெல். அமுக்கப்பட்ட பாட்டுக்கு அது சத்தமாகவே இருக்கும். அமைதியாகப் பதிவான ஆர்கெஸ்ட்ராவில்தான் குமிழ் முட்டி நிற்கும். ஈக்வலைசர் (ஒலியின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாஸை (கனத்த, தாழ்ந்த ஒலியை) 6 டெசிபெல் உயர்த்தினால், சிக்னல் உடையாமலிருக்க மொத்த அளவை 6 டெசிபெல் குறைக்கிறோம். அந்த இழப்பை ஆம்ப்தான் ஈடுகட்ட வேண்டும். அதாவது தேவையான வோல்ட் இரட்டிப்பு. 'எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஈக்வலைசர் போட்டதும் சத்தம் போதவில்லை' என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

## 2000 மில்லிவாட் என்பதன் உள்கதை

ஒரு ஆம்ப் '16 ஓமில் 2 வாட்' என்கிறது. இன்னொன்று '32 ஓமில் 1 வாட்' என்கிறது. முதலாவது இரு மடங்கு வலுவானது போலத் தெரியும். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும். இரண்டுக்கும் ஒரே விடை, 5.66 வோல்ட். அந்த வோல்ட்தான் இரண்டின் உச்ச வரம்பு என்றால், 300 ஓமில் இரண்டுமே தருவது 107 மில்லிவாட்தான். சென்ஹைசர் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

விளம்பரங்கள் எப்போதும் குறைந்த ஓமில்தான் வாட்டைச் சொல்லும், ஏனெனில் அங்கேதான் எண் பெரிதாக வரும். எவ்வளவு சிதைவோடு அந்த வாட் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் அளந்த எண்ணும் 0.1 சதவீதத்தில் அளந்த எண்ணும் ஒப்பிடத் தக்கவை அல்ல. தவிர, வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபெல்தான். 1 வாட்டா 2 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வது ஒரு ஹெட்போன் ஆம்பைப் பொறுத்தவரை நேர விரயம்.

இன்னொன்று: உங்கள் ஹெட்போனின் ஓமில் ஆம்ப் எத்தனை வோல்ட் தரும் என்று நேரடியாகச் சொல்லாத தயாரிப்பாளர், குறைந்தது 32, 300 ஓம் இரண்டிலும் வாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடுத்த ஆம்பைப் பார்க்கலாம்.

## அவுட்புட் இம்பீடன்ஸ்: சின்ன எண், பெரிய விளைவு

ஆம்புக்கும் தன் வெளியீட்டில் கொஞ்சம் தடை உண்டு. அதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ். கிடைக்கும் வோல்ட்டை ஆம்பின் இந்தத் தடையும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் குறையும். பிளானர் ஹெட்போன்கள் ஏறத்தாழ அப்படித்தான். மற்றவை அப்படி இல்லை.

எச்.டி. 650ன் இம்பீடன்ஸ் பாஸ் பகுதியில் சுமார் 500 ஓம் வரை ஏறுகிறது. 120 ஓம் அவுட்புட் கொண்ட ஆம்பில் அதைச் சொருகினால், 500 ஓம் இருக்கும் இடத்தில் இழப்பு 1.9 டெசிபெல், 300 ஓம் இருக்கும் இடத்தில் 2.9. அதாவது பாஸ் மற்றதைவிட 1 டெசிபெல் தூக்கலாகக் கேட்கும். சிலருக்கு இது பிடித்தும் போகிறது. 'டியூப் ஆம்பின் கதகதப்பு' என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு இதுதான் என்பது என் கணிப்பு.

காதுக்குள் வைக்கும், பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற வகை டிரைவர்கள் (ஒலியை உண்டாக்கும் பாகங்கள்) கொண்ட இன்-இயர்களில் நிலைமை மோசம். அவற்றில் சிலவற்றின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 8 ஓம், இன்னோரிடத்தில் 60 ஓம் என்று ஏறி இறங்கும். அத்தகைய ஒன்றை 10 ஓம் ஆம்பில் மாட்டினால் இரண்டு இடங்களுக்கும் இடையே 5.7 டெசிபெல் வித்தியாசம் விழும். அது வேறொரு இன்-இயரைக் கேட்பது போலவே இருக்கும்.

120 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1996இல் வந்த ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 61938 தரநிலை ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. பழைய ஸ்டீரியோ ரிசீவர்களில் ஸ்பீக்கர் ஆம்பின் வெளியீட்டையே ரெசிஸ்டர் வழியாக ஹெட்போன் துளைக்குக் கொண்டுவருவது வழக்கம். அன்றைய ஹெட்போன்கள் பலவும் உயர் ஓம் கொண்டவை என்பதால் அது பெரிதாக உறுத்தவில்லை. இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்புகளில் 1 ஓமுக்குக் கீழே கொண்டுவருவது கடினமே இல்லை. புனைபெயரில் எழுதிய பொறியாளர் ஒருவர் 2011இல் சர்க்யூட் வரைபடத்தோடு வெளியிட்ட ஓ2 ஆம்பில் அது சுமார் அரை ஓம். மலிவான பாகங்களில் செய்த அந்த ஆம்ப்தான், நல்ல அளவுகளுக்கு விலை ஒரு தடையில்லை என்று பலருக்கும் காட்டியது.

வழக்கமான விதி: ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 32 ஓமுக்கு 4. இன்-இயர் கேட்பவர் 1 ஓமுக்கு மேல் போகவே வேண்டாம்.

## கெயினும் குமிழும்

வாங்கியபின் தினமும் எரிச்சல் தரக்கூடியது இதுதான். ஆனால் வாங்குமுன் யாரும் பார்ப்பதில்லை.

கெயின் என்பது ஆம்ப் உள்ளே வரும் வோல்ட்டை எத்தனை மடங்காக்குகிறது என்பது. ஏ.டி.எச்.-எம்50எக்ஸில் சராசரி 80 டெசிபெல்லில் ஓர் இன்றைய பாட்டைக் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உச்சம் 92 டெசிபெல் என்றால் ஹெட்போனுக்கு வேண்டியது 0.09 வோல்ட். டி.ஏ.சி.யிலிருந்து வருவதோ 2 வோல்ட். அதாவது ஆம்ப் இங்கே எதையும் பெருக்கத் தேவையில்லை, 27 டெசிபெல் குறைத்துத் தர வேண்டும். கெயின் 15 டெசிபெல் என்று நிலையாக வைத்த ஆம்பில் குமிழ் 42 டெசிபெல் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது குமிழ் கடிகாரத்தில் 8 மணி முள் நிற்கும் இடத்தைத் தாண்டாது. ஒரு நூலளவு திருப்பினால் காது கிழியும்.

குமிழுக்குப் பின்னால் இருக்கும் சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டரின் (திருப்பினால் தடை மாறும் பாகம்) தொடக்கப் பகுதியில் இடது வலது சேனல்கள் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதும் அரிது. பாடகர் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்கும். நள்ளிரவில் மெல்லக் கேட்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆகவே:

1. லோ, ஹை என்று மாற்றக்கூடிய கெயின் சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். லோ கெயின் 0 டெசிபெல் (உள்ளே வந்த வோல்ட் அப்படியே வெளியே) அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது.
2. ஹை கெயினில் ஒலித்தரம் கூடும் என்பது பொய். சத்தம் கூடுவதால் அப்படித் தோன்றுகிறது. லோ கெயினில் குமிழ் பாதிக்கு மேல் போயும் சத்தம் போதாதபோது மட்டும் ஹை கெயின்.
3. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகவோ டிஜிட்டல் முறையிலோ படிப்படியாகக் குறைக்கும் வால்யூம் உள்ள ஆம்பில் சேனல் சாய்வு பெரும்பாலும் வராது. ரிலே வகையில் குமிழைத் திருப்பும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும், பழகிவிடும்.

## இரைச்சலும் சினாட் பந்தயமும்

சினாட் என்பது சிக்னலுக்கும், இரைச்சல் சிதைவு இரண்டும் சேர்ந்த தொகைக்கும் உள்ள விகிதம். 100 டெசிபெல் என்றால் குப்பை 0.001 சதவீதம், 120 என்றால் 0.0001. சி.டி.யின் 16 பிட் வரம்பே ஏறத்தாழ 98 டெசிபெல். ஹெட்போன் டிரைவர்கள் தாமே உண்டாக்கும் சிதைவு, பாஸில் குறிப்பாக, இதைவிடப் பல நூறு மடங்கு. அளவீட்டுப் பட்டியலில் 115ஐ விட்டு 121ஐ வாங்குபவர் பொறியியல் நேர்த்திக்குக் காசு கொடுக்கிறார். அதில் தப்பில்லை, ஆனால் காது அதைக் கண்டுபிடிக்காது.

கண்டுபிடிப்பது வேறொன்று: பாட்டு ஓடாதபோது பின்னணியில் வரும் உஸ்ஸென்ற சத்தம். சினாட் பெரும்பாலும் சில வோல்ட் அளவில் அளக்கப்படுவதால் இது அதில் தெரியாது. பார்க்க வேண்டியது வெளியீட்டு இரைச்சல், மைக்ரோவோல்ட்டில். வோல்ட்டுக்கு 125 டெசிபெல் தரும் இன்-இயரில் 5 மைக்ரோவோல்ட் இரைச்சல் 19 டெசிபெல்லாகக் கேட்கும். அமைதியான அறையில்கூடப் பொருட்படுத்த வேண்டாம். அதே இன்-இயரில் 50 மைக்ரோவோல்ட் என்றால் 39 டெசிபெல். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே உஸ்ஸென்று உறுத்தும். பெரிய ஹெட்போன் மட்டும் கேட்பவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

## பேலன்ஸ்டு, டியூப்

பேலன்ஸ்டு வெளியீட்டில் ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு ஆம்புகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. வோல்ட் இரட்டிப்பாகும், கூடவே அவுட்புட் இம்பீடன்ஸும் இரட்டிப்பாகும், இரைச்சலும் கொஞ்சம் ஏறும். 4.4 மி.மீ. துளையோ நான்கு முனை எக்ஸ்.எல்.ஆரோ வேண்டும், ஹெட்போனுக்கு அதற்கேற்ற கேபிளும் வேண்டும். எச்.இ.-6 போன்ற பசி மிகுந்த ஹெட்போனுக்கு, அல்லது சாதாரண வெளியீட்டில் வோல்ட் போதாத சின்ன ஆம்புக்கு இது உதவும். மேலே போட்ட கணக்கில் சாதாரண 6.35 மி.மீ. துளையே போதும் என்று வந்தால், பேலன்ஸ்டால் ஒலி மேம்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டியூப் ஆம்ப் ஆசைப்படுபவர்கள் அதை 300 ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெட்போனோடு வைத்துக்கொள்வது நல்லது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகைகளில் அவுட்புட் இம்பீடன்ஸ் பல பத்து ஓம்களில் இருக்கும். 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் மலிவு ஹைப்ரிட்களில் (டியூபும் டிரான்சிஸ்டரும் கலந்தவை) டியூப் பெரும்பாலும் அழகுக்குத்தான்.

## டி.ஏ.சி. சேர்ந்ததா, தனியா?

இடம் குறைவு, மூலம் ஒரே கணினி என்றால் இரண்டும் சேர்ந்த பெட்டியே வசதி. பிற்காலத்தில் பவர்டு ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப் உள்ள ஸ்பீக்கர்) சேர்க்கும் எண்ணம் இருந்தால் பின்பக்கம் அதற்கான வெளியீடான பிரீ-அவுட் இருக்கிறதா, ஹெட்போனைச் சொருகினால் அது தானாக அடங்குகிறதா என்று பாருங்கள்.

தனித்தனியாக வைப்பதில் வரக்கூடிய சிக்கல் கிரவுண்ட் லூப். கணினியின் யு.எஸ்.பி. கிரவுண்டும் ஆம்பின் மின் இணைப்பு கிரவுண்டும் வேறு வேறு பாதையில் பூமியை அடையும்போது ம்ம்ம் என்ற ஹம் வரும். சில நேரம் மவுஸை அசைத்தால் கீச்சென்ற சத்தமும் வரும். இது ஆம்பின் குறை என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. யு.எஸ்.பி.க்குப் பதில் ஆப்டிகல் கேபிள் போட்டுப் பாருங்கள். அதில் மின் தொடர்பே இல்லாததால் அந்த லூப் அறுந்துவிடும். யு.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பெட்டிகளுக்கு இன்னொரு வரம்பும் உண்டு: பழைய போர்ட் தருவது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட். அதில் ஓடும் பெட்டி சேனலுக்கு 2 வாட் தொடர்ந்து தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

## வந்தபின் செய்ய வேண்டிய சோதனைகள்

1. ஹெட்போனைச் சொருகாமல் ஆன் செய்து, சில விநாடிகளில் ரிலே டிக்கென்று விழுகிறதா கேளுங்கள். ஆன், ஆஃப் செய்யும்போது வரும் அதிர்ச்சியை ஹெட்போனுக்குப் போகவிடாமல் தடுப்பது அந்த ரிலே. இல்லையென்றால் ஆன் செய்தபின் சொருகி, ஆஃப் செய்யுமுன் கழற்றும் பழக்கம் வேண்டும்.
2. மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு ஓடாதபோது ஆம்பில் சொருகிய கேபிளின் மறுமுனைப் பிளக்கில் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே அளவு எடுங்கள். மறு சேனலுக்கு நடு வளையத்தில். சில மில்லிவோல்ட் சாதாரணம். 50ஐத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள்.
3. உங்களிடம் உள்ள மிக உணர்திறன் கூடிய இன்-இயரை மாட்டி, பாட்டு ஓடாமல் குமிழை மெல்ல ஏற்றுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலை வரை உஸ் வராவிட்டால் போதும். கடைசி வரை ஏற்றிப் பார்ப்பதில் பொருளில்லை.
4. குரல் மட்டும் உள்ள பதிவு ஒன்றை மோனோவில் போட்டு, குமிழை அடிமட்டத்திலிருந்து ஏற்றுங்கள். எந்த இடத்தில் குரல் நடுவுக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்கும் அளவு அதற்குக் கீழே இருந்தால் லோ கெயினுக்கு மாறுங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் கணினியில் வால்யூமை 10 டெசிபெல் குறைத்து, குமிழை மேலே கொண்டுவரலாம். 24 பிட் வெளியீட்டில் இதனால் எந்த இழப்பும் காதுக்குத் தெரியாது.
5. பழைய ஆம்போடு ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் அளந்து சமமாக்குங்கள். சுமார் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஹெட்போன் மாட்டிய நிலையில் ஏ.சி. வோல்ட் எடுத்தால் சாதாரண மல்டிமீட்டரே போதும். 1 சதவீதத்துக்குள் சமமாக இருக்கட்டும். சற்றே சத்தமாக இருப்பதை மனித காது 'தெளிவு' என்றும் 'விரிவு' என்றும் வாசிக்கும். இந்த ஒரு படியைத் தவிர்த்துவிட்டு எழுதப்பட்ட ஒப்பீடுகளை, யார் எழுதியிருந்தாலும், நான் கணக்கில் எடுப்பதில்லை. சமமாக்கியபின் வித்தியாசமே தெரியவில்லை என்றால், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடியுமுன் எந்த ஆம்பை வைத்துக்கொள்வது என்பதைக் குமிழ், துளைகள், மேசையில் பிடிக்கும் இடம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்துவிடலாம்.